அப்பா வாங்கிய 750 வாட்

துணிப்பையிலிருந்து அந்தக் கரிக்கட்டையை எடுத்து மேஜைமேல் வைத்த பெண், கையைத் துடைத்துக்கொள்ளவில்லை. வாலு முதலில் கவனித்தது அதைத்தான். கரி படிந்த விரல்களை மடியில் அப்படியே போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"இதுதான் மேடம் என் தம்பியைக் கொன்னது" என்றாள். "அப்பா வாங்கிக் கொடுத்தது."

ஆட்களைப் பின்தொடர்வதில் கெட்டிக்காரன் என்பதால் வந்த பெயர் வாலு. வாய் சும்மா இராது என்பதால் நாற்பத்திரண்டு வயதிலும் நிலைத்துவிட்ட பெயர். டாக்சி ஓட்டிக்கொண்டிருந்தவனை எட்டு வருஷத்துக்கு முன் வேலைக்குச் சேர்த்துக்கொண்டவர் எதிரே உட்கார்ந்திருந்த மேடம். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரித்துக்கொண்டிருந்தவர், அதை உதறிவிட்டு இரண்டு அறை வாடகைக்குப் பிடித்துத் துப்பறியும் நிலையம் வைத்தார். எதையும் எடை போட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார். அதற்கென்றே அவர் மேஜையில் நிஜமாகவே ஓர் எலெக்ட்ரானிக் தராசு உண்டு. தொழிலில் இருப்பவர்கள் அவரைத் 'தராசு மேடம்' என்றுதான் சொல்வார்கள்.

"முதல்லேர்ந்து சொல்லும்மா" என்றார் மேடம்.

அந்தப் பெண் சொன்னாள். அம்மா இல்லாத வீடு. அப்பா, அவள், தம்பி. அப்பா முப்பது வருஷமாக லிஃப்ட் மெக்கானிக். தம்பி ராத்திரி ஷிஃப்டில் வாடிக்கையாளர்களுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை பார்த்து, சேர்த்த சம்பளத்தில் கேம் விளையாட ஒரு கம்ப்யூட்டரைத் தானே கட்டினான். ஒவ்வொரு பாகமாக வாங்கினான். கடைசியாகப் பாக்கி இருந்தது பவர் சப்ளை. சுவரிலிருந்து வரும் மின்சாரத்தை எல்லாப் பாகங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பெட்டி.

"அதைத் தேர்ந்தெடுக்க மட்டும் மூணு வாரம் எடுத்துக்கிட்டான் மேடம்" என்று ஒரு நோட்டை நீட்டினாள்.

மேடம் புரட்டினார். வாலு தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான். புராசஸர் 125 வாட், கிராபிக்ஸ் கார்டு 285, மற்றதெல்லாம் சேர்த்து ஐம்பத்துச் சொச்சம். கூட்டினால் 465. அதன் கீழே, 'கார்டு திடீர்னு ஒரு நொடி ரெண்டு மடங்கு இழுக்கும். பெட்டியை முழு அளவுக்கும் முக்க வைக்கக் கூடாது. 750 போதும், 1000 வீண்' என்று எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக ஏழு மாடல்கள். ஆறுக்குப் பக்கத்தில் ஏன் வேண்டாம் என்று ஒரு வரி. ஏழாவதன் கீழே மட்டும் இரண்டு கோடு.

"நான் கல்யாணத்துக்குப் பொண்ணு பார்த்தப்போகூட இவ்வளவு விசாரிக்கல மேடம்" என்றான் வாலு. "அதான் அனுபவிக்கிறேன்."

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். ஆனால் அந்தப் பெண் லேசாகச் சிரித்தாள். "அவனும் இப்படித்தான்ண்ணே பேசுவான்" என்றாள். வாலுவுக்கு அதைவிட ஓர் அறை விழுந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு வரி. 'அப்பா அவரே வாங்கிட்டு வந்துட்டார். ரொம்ப சந்தோஷமா இருந்தார்.'

"அது ஞாயித்துக்கிழமை" என்றாள் அவள். "அவன் கேட்டதும் 750 வாட். அப்பா கொண்டுவந்ததும் 750 வாட், பாதி விலையில. அப்பா வேலையில தகடுங்கிறது வேதவாக்கு மேடம். லிஃப்ட்ல எட்டுப் பேர்னு தகடு அடிச்சிருந்தா, கயிறு அதைப்போல பத்து மடங்கு தாங்கும். தகட்டுல இருக்கிறதைவிடக் குறைச்சலாப் போட்டு ஏமாத்துற சாமான் உலகத்துல உண்டுன்னு அவருக்குத் தெரியாது. தம்பி ஒண்ணும் சொல்லல. 'சரிப்பா, சூப்பர்ப்பா'ன்னு வாங்கிக்கிட்டான். வியாழக்கிழமை காலைல ஷிஃப்ட் முடிச்சுட்டு வந்தவன், மத்தியானம் கம்ப்யூட்டரை ஓடவிட்டுக் கதவைச் சாத்திட்டுத் தூங்கியிருக்கான். அப்பா வேலையில இருந்தார், நான் ஆபீஸ்ல. புகைலயே..."

மேடம் தண்ணீர்த் தம்ளரை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் ஒரு வாய் குடித்தாள்.

"தீயணைப்புக்காரங்க 'மின்கசிவு'ன்னு ஒத்தை வார்த்தை எழுதிட்டுப் போயிட்டாங்க. அப்பா 'நான்தான் கொன்னேன், நான்தான் கொன்னேன்'ங்கிறார். பதினெட்டு நாள் ஆச்சு. சாப்பிட மாட்டேங்கிறார். இப்படியே போனா உடம்பு தாங்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். எனக்கு இருக்கிறது அவர் ஒருத்தர்தான் மேடம். அவர் தப்பில்லன்னா நிரூபிச்சுக் கொடுங்க. தப்புதான்னா அதையும் சொல்லிடுங்க. எனக்குத் தெரிஞ்சாகணும்."

போவதற்கு முன் போனில் ஒரு படத்தைக் காட்டி, மேடத்தின் எண்ணுக்கும் அனுப்பினாள். வியாழக்கிழமை பதினொன்று நாற்பதுக்குத் தம்பி அனுப்பியது. கண்ணாடிப் பக்கம் போட்ட கம்ப்யூட்டர். உள்ளே கீழ்ப்பக்கம் அப்பா வாங்கிய பவர் சப்ளையின் ஸ்டிக்கர் பளிச்சென்று தெரிந்தது. கறுப்புக் கேபிள்களுக்கு நடுவே ஒரே ஒரு சிவப்புப் பின்னல் கேபிள். 'அக்கா, எப்படி இருக்கு' என்று அவன் கேட்டிருந்தான். 'செம அழகுடா' என்று அவள் போட்ட பதில், படித்ததாகக் காட்டவே இல்லை.

"அந்தச் சிவப்பு நான் வாங்கிக் கொடுத்தது" என்றாள். "எல்லாம் கறுப்பா இருக்கு, துக்க வீடு மாதிரி இருக்குடான்னு நான்தான் கேலி பண்ணினேன்."

* * *

ஆள் எதிரில் எடை போடக் கூடாது என்பது மேடத்தின் கொள்கை. மாடிப்படியில் செருப்புச் சத்தம் தேய்ந்த பிறகுதான் கரிக்கட்டையைத் தூக்கித் தராசில் வைத்தார். ஒரு கிலோ எண்ணூற்று நாற்பது கிராம்.

"அந்தப் பெட்டியில என்ன போட்டிருக்கு?"

பையோடு வந்திருந்த காலி அட்டைப் பெட்டியை வாலு திருப்பிப் பார்த்தான். தம்பியின் அலமாரியில் இருந்தது அது. அப்பா வாங்கிவந்த அதே பெட்டி. "எடை ஒரு கிலோ நூறு."

"எரிஞ்ச சாமான் எடை கூடுமா?"

"எனக்குத் தெரிஞ்சு பட்டினி கிடந்தும் எடை கூடுற ஒரே ஆள் என் மச்சான்தான் மேடம்."

"மலிவுச் சரக்குல செம்பு குறைச்சல், அதனால லேசா இருக்கும். இது கனக்குது." மேடம் கருகிய ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் நெம்பினார். அது ஒரே இழுப்பில் கையோடு வந்தது. அடியில் இன்னொரு ஸ்டிக்கர். வேறு கம்பெனி. பொன் எழுத்தில் 750. நோட்டில் இரண்டு கோடு போட்டிருந்த அதே பெயர்.

வாலு இரண்டு ஸ்டிக்கரையும் மாறி மாறிப் பார்த்தான்.  "அப்பா வாங்கினதோட ஸ்டிக்கரை உரிச்சு இதுமேல ஒட்டினானா பய? எதுக்கு?"

"அப்பா கண்ணாடி வழியா எட்டிப் பார்த்தா அவர் வாங்கினதுதான் தெரியணும். அதுக்காக."

நான்கு திருகாணியைக் கழற்றி மூடியைத் திறந்தார். வெளியேதான் கரி. உள்ளே செம்புச் சுருள் புதுசாக மின்னியது.

"தீ இதுக்குள்ள பொறக்கல" என்றார்.

"அப்போ அப்பா தப்பில்ல. கேஸ் முடிஞ்சுது. பொண்ணு இன்னும் தெருமுனையைத் தாண்டியிருக்காது, ஓடிப்போய்க் கூப்பிடவா?"

மேடம் போனில் அந்தப் படத்தைப் பெரிதாக்கினார். பிறகு கரிக்கட்டையின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். வரிசையாகத் துளைகள். வேண்டிய கேபிளை மட்டும் செருகிக்கொள்ளும் வகை. பாதி எரிந்த கறுப்புக் கேபிள்கள் துளைகளில் ஒட்டிக்கொண்டிருந்தன. ஒரு துளை மட்டும் காலி. அதன் வாய் மற்றவற்றைவிட அதிகமாக உருகியிருந்தது.

"சிவப்பு எங்க வாலு? தீ நிறம் பார்த்தா தின்னும்?"

"யாரோ கழட்டியிருக்காங்க."

"தீ அணைஞ்சதுக்கு அப்புறம். கையால. முதல்ல கடைக்காரனைப் பார்க்கலாம், அட்டைப் பெட்டியில கடைச் சீட்டு ஒட்டியிருக்கு, வண்டியை எடு."

* * *

கம்ப்யூட்டர் சாமான் கடைகள் மட்டுமே இருந்த சந்து அது. இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் கடைக்குள் ஏறி நின்றுதான் வழிவிட வேண்டும். நாலாவது கடையில் நெற்றியில் பூதக்கண்ணாடி மாட்டிய ஒரு மனிதர், கூரை வரை அடுக்கிய பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார்.

"அண்ணே, பெட்டி சரிஞ்சா உங்களைத் தோண்டி எடுக்க ஆள் வச்சிருக்கீங்களா?" என்றான் வாலு.

"சரியாது. நான்தான் முட்டுக் கொடுத்துக்கிட்டிருக்கேன்" என்றார் கடைக்காரர். "என்ன வேணும்?"

மேடம் பேப்பரில் வந்திருந்த தம்பியின் படத்தைக் காட்டினார். கடைக்காரர் பூதக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"பேப்பர்ல பார்த்தேன்" என்றார். பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே தொடர்ந்தார். "எந்தச் சாமான் வாங்கினாலும் என் மேஜைமேல உக்காந்து ஒரு மணி நேரம் சண்டை போடுவான். திங்கக்கிழமை காலைல வந்தான். அவங்கப்பா என்கிட்டத்தான் மலிவுல ஒண்ணு வாங்கிட்டுப் போயிருந்தார். அவர் 750 ஒண்ணு கொடுங்கன்னார், கொடுத்தேன். யாருக்கு, எந்தக் கார்டுக்குன்னு நான் கேட்டிருக்கணும். அதை மாத்தணும்னு வந்தான். ஆனா ஸ்டிக்கரை உரிச்சிருந்தான். ஸ்டிக்கர் இல்லாம நான் எப்படித் திருப்பி எடுக்கிறதுன்னேன். எடுக்க வேணாம், புதுசுக்கு முழு விலை தர்றேன்னான். கைக்கடிகாரத்தை வித்துட்டு வந்திருந்தான்."

"பழசு?"

"வீட்ல இருந்தா அப்பா பார்த்துடுவார், நீங்களே வச்சுக்கங்கன்னு இங்கயே போட்டுட்டுப் போனான்." குனிந்து மேஜைக்கடியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தார். கம்பிகள் கொத்தாக வெளியே தொங்கின. பக்கவாட்டில் பசை காய்ந்த ஒரு சதுரம்.

வாலு ஒரு கையால் தூக்கினான். காலி டப்பா மாதிரி எழும்பி வந்தது. வீட்டுக்குள் ஒரு நாள்கூட ஓடாத இந்தப் பெட்டிக்காக ஒரு மனுஷர் பதினெட்டு நாளாகத் தட்டைத் தொடாமல் கிடக்கிறார்.

"சிவப்புக் கேபிள் ஏதாவது விக்கிறீங்களா?" என்று மேடம் கேட்டார்.

கடைக்காரர் இரண்டு பக்கமும் பார்த்தார். எழுந்துபோய்க் கடையின் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"நான் விக்கல. அவங்கக்கா வேற எங்கயோ ஆர்டர் போட்டு வாங்கினது. வியாழக்கிழமை காலைல எனக்குப் போன் பண்ணினான். 'அண்ணே, அக்கா ஒரு கேபிள் வாங்கித் தந்திருக்கா, ஹார்ட் டிஸ்குக்குப் போடலாமா'ன்னான். வேணாம்டான்னேன். பிளக் பொருந்தும். ஆனா கம்பெனிக்குக் கம்பெனி உள்ளே கம்பி வரிசை மாறும். அஞ்சு வோல்ட் போக வேண்டிய இடத்துல பன்னெண்டு போகும். சிலது பட்டுனு செத்துடும், சிலது உக்காந்து சூடேறும். கூட வந்த கேபிளைத் தவிர வேற எதையும் போடாதேன்னு அடிச்சுச் சொன்னேன்."

"அவன் என்ன சொன்னான்?"

"'தெரியும்ண்ணே. ஆனா அவ ஆசையா வாங்கியிருக்கா. சும்மா மாட்டி ஒரு போட்டோ அனுப்பிட்டுக் கழட்டிடுறேன்'னான்." கடைக்காரர் மேஜையிலிருந்த ஒரு திருகாணியை உருட்டிக்கொண்டே இருந்தார். "ராத்திரி முழுக்க வேலை பார்த்துட்டு வந்தவன். கழட்ட மறந்து ஸ்விட்ச் போட்டிருப்பான். இல்ல, அவ சாயந்தரம் வந்து நேர்ல பார்க்கட்டும்னு விட்டிருப்பான். அந்தப் பய யார் மனசையும் நோகடிக்க மாட்டான் மேடம்."

"இதை யார்கிட்ட சொன்னீங்க?"

"யாரும் கேக்கல. நான் போய்ச் சொல்லவா முடியும்? எந்த வாயால சொல்றது?"

திரும்பும் வழியில் மூன்றாவது சிக்னலில் வாலு வண்டியை நிறுத்தினான். 

"அப்பாவைக் காப்பாத்தணும்னு வந்த பொண்ணு மேடம்" என்றான். "உண்மையைச் சொன்னா அப்பா எழுந்துடுவார். அவ விழுந்துடுவா."

"கேபிளைக் கழட்டினது யாருன்னு இன்னும் தெரியல" என்றார் மேடம்.

"தெரியணுமா?"

மேடம் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். "அவங்க வீட்டுக்குப் போ" என்றார்.

* * *

மூன்றாவது மாடி. ஊரிலுள்ள லிஃப்டுகளையெல்லாம் ஓட்டிக்கொண்டிருக்கும் மனிதர் வீட்டுக்குப் படிதான். வாலு அதைச் சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் ஏறினான்.

மகள் ஆபீஸுக்குப் போயிருந்த நேரம். லிஃப்ட்காரர் கதவைத் திறந்தார். சட்டை தோளில் மாட்டியதுபோல் தொங்கியது. மகனின் அறைக்குக் கூட்டிப்போனார். ஒரு பக்கச் சுவர் கூரை வரை கறுப்பாக இருந்தது. கட்டில் அகற்றப்பட்ட இடத்தில் தரை மட்டும் வெளுப்பாக, ஆள் நீளத்துக்கு ஒரு கட்டம்.

 மேடம் கரிந்த பெட்டியையும் கடையிலிருந்து கொண்டுவந்த லேசான பெட்டியையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

லிஃப்ட்காரர் இரண்டையும் பார்த்தார். முகத்தில் ஒன்றும் அசையவில்லை.

"தூக்கிப் பார்க்கலையே நீங்க" என்றார் மேடம்.

"எதுக்கும்மா?" குரல் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. "முப்பது வருஷமா கயிறும் எடையும்தான் என் பொழப்பு. அன்னைக்கு இதைக் கழட்டி எடுத்தப்பவே கைக்குத் தெரிஞ்சுபோச்சு, இது நான் வாங்கினது இல்லைன்னு."



"அப்புறம் ஏன்யா நீங்க..." என்று வாலு ஆரம்பித்தான்.

அவர் கட்டில் இருந்த இடத்துக்குப் பக்கத்தில் குந்தி, தன் டூல்ஸ் பெட்டியைத் திறந்தார். ஸ்பேனர்களுக்கு அடியில் கிரீஸ் துணியில் சுற்றிய ஒன்றை எடுத்துப் பிரித்தார். ஒரு முனை உருகிக் கறுத்து, மறு முனை இன்னும் சிவப்பாக.

"எரிஞ்ச மோட்டாரைத் திறந்தா எங்கேர்ந்து ஆரம்பிச்சுதுன்னு எனக்குத் தெரியும். இது கிடந்த இடத்துலதான் எல்லாம் ஆரம்பம். இதை யார் வாங்கிக் கொடுத்தான்னும் தெரியும். வீடு முழுக்க ஆள் நின்னுக்கிட்டிருந்துது. அவ கூடத்துல மயங்கிக் கிடந்தா. கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கிட்டேன்." துணியைத் திரும்பவும் மூடினார். "அவன் என் ஸ்டிக்கரை உரிச்சு நல்லதுமேல ஒட்டியிருந்தான் பாருங்க. எனக்கு மனசு கஷ்டப்படக் கூடாதுன்னு. நானும் அதைத்தான் செஞ்சேன். அவ செஞ்சதுமேல என் பேரை ஒட்டிட்டேன். என் பேர்லயே இருக்கட்டும் மேடம். நான் அறுபதைத் தாண்டியாச்சு. அவளுக்கு இருபத்தஞ்சு. எவ்வளவு வருஷம் இதைத் தூக்கிக்கிட்டு நடப்பா?"

"அதுக்காகச் சாப்பிடாம நடிக்கிறீங்களா?" என்றார் மேடம்.

"நடிக்கல." முதல் முறையாக அவர் குரல் உடைந்தது. "புள்ள போயிட்டாம்மா. எறங்கல. ஏன் சாப்பிடலன்னு அவ கேட்டா. கேட்டதுக்கு ஒரு காரணம் சொன்னேன். அவ்வளவுதான்."

மேடம் அவர் எதிரே தரையில் உட்கார்ந்தார். மேடம் எந்த வீட்டிலும் தரையில் உட்கார்ந்து வாலு பார்த்ததில்லை.

"நீங்க சாப்பிடாததாலதான் அவ என்கிட்ட வந்தா" என்றார். "நீங்க இப்படியே கிடந்தா நான் இல்லாட்டி வேற ஒருத்தர்கிட்ட போவா. அவங்க சந்துக் கடைக்குப் போவாங்க. அந்தக் கடைக்காரர் நல்லவர், பொய் சொல்லத் தெரியாது. அவ தேடாம இருக்கணும்னா ஒரே வழிதான். நீங்க தட்டு முன்னாடி உக்காரணும்."

அவர் தரையின் அந்த வெளுத்த கட்டத்தை உள்ளங்கையால் தடவினார்.

"நீங்க என்ன எழுதுவீங்க?" என்று கேட்டார்.

"நீங்க வாங்கினது அந்தக் கம்ப்யூட்டருக்குள்ள போகவே இல்லன்னு எழுதுவேன். அது நிஜம். மிச்சத்தை நான் பார்த்துக்கிறேன்." கையை நீட்டினார். "அதைக் கொடுங்க. இந்த வீட்ல இருந்தா என்னைக்காவது அவ கையில கிடைக்கும்."

கிரீஸ் துணி கை மாறியது. அதைக் கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை. மகன் கடைசியாகத் தொட்ட சாமான் அது. இரண்டு முறை இழுத்த பிறகுதான் மேடத்தின் கைக்கு வந்தது.

* * *

மறுநாள் வாலு டைப் அடித்தான். மேடம் சொல்லச் சொல்ல அடித்தான். எரிந்தது தரமான சாதனம், இளைஞர் தாமே தேர்ந்தெடுத்தது. தந்தை வாங்கியது பயன்படுத்தப்படவே இல்லை, கடையில் இருந்து மீட்கப்பட்டது. இதுவரை தடையில்லாமல் வந்தது. அடுத்த வரிக்கு மேடம் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

'தீயின் காரணம், கண்டறிய முடியாத மின்கசிவு. எவர் பேரிலும் குறையில்லை.'

எட்டு வருஷத்தில் இந்த அலுவலகத்திலிருந்து போகும் முதல் பொய். கையெழுத்துப் போட்டதும் பேனாவை மூடாமலே மேடம் உள்ளறைக்குப் போய்விட்டார். "பொண்ணு வந்தா நீயே கொடுத்துடு" என்றார்.

அவள் நாலு மணிக்கு வந்தாள். நின்றபடியே படித்தாள். ஸ்டிக்கர் விஷயம் வந்த இடத்தில் உட்கார்ந்துவிட்டாள். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள்.

"திருட்டுப் பய. என்கிட்டகூடச் சொல்லல பாருங்கண்ணே. கடிகாரம் தொலைஞ்சுபோச்சுன்னு சொன்னான், நான் திட்டினேன்."

"அப்பா எப்படி இருக்கார்மா?"

"நேத்து ராத்திரி அவரே தட்டை எடுத்துட்டு வந்து உக்காந்தார். நாலு வாய் சாப்பிட்டார்." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இன்றைக்கு விரல்களில் கரி இல்லை. காகிதத்தை மடித்துப் பையில் வைத்தவள், எழுந்திருக்காமல் தயங்கினாள்.

"அண்ணே, ஒண்ணு கேக்கணும். அந்தச் சிவப்புக் கேபிள் எங்கயாவது கிடைச்சுதா? எரிஞ்ச சாமான்ல எல்லாம் தேடினேன், காணோம். பாதி கருகியிருந்தாலும் பரவாயில்ல. நான் அவனுக்குக் கடைசியா வாங்கிக் கொடுத்தது அதுதான். வச்சுக்கலாம்னு பார்த்தேன்."

அது மேஜையின் இந்தப் பக்க டிராயரில் இருந்தது. கிரீஸ் துணியில் சுற்றி, வாலுவின் முழங்காலைத் தொடும் தூரத்தில். உள்ளறையில் நாற்காலி நகரும் சத்தம் நின்றது.

 வாலு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"முழுசா போயிடுச்சும்மா" என்றான். "ஒண்ணும் மிஞ்சல."

அவள் தலையாட்டினாள்.  பிறகு போனை எடுத்து, பதினொன்று நாற்பதின் அந்தப் படத்தைத் திறந்து, அவன் பக்கம் திருப்பினாள். கறுப்புக்கு நடுவே அந்த ஒற்றைச் சிவப்பு.

"இதுலயாவது இருக்கே" என்றாள். "அழகாத்தானே இருக்கு?"

வாலு இரண்டு கையாலும் டிராயரை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.

"ரொம்ப அழகா இருக்கும்மா" என்றான்.